வலவனுக்கு ஒரு முறை, கொத்தனுக்கு ஒரு முறையா?

ஆனி, ஆடித் திங்கள்களில் குற்றாலத்துப் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் சாரலில் நனைந்து நிற்கும் கூட்டத்தைச் சற்றே ஊன்றிப் பார்ப்பவர்க்கு ஒன்று புலப்படாமற் போகாது. அக் கூட்டத்துள் ஒரு சாரார் ஊர் சுற்ற வந்தவர் அல்லர். தென்காசியும் கடையநல்லூரும் செங்கோட்டையும் புளியங்குடியும் பெற்ற பிள்ளைகளே அவர். துபாயிலும் குவைத்திலும் சவூதி அரேபியாவிலும் ஈராண்டு வெயிலில் வெந்து, ஒரு திங்களோ நாற்பது நாளோ விடுப்புப் பெற்று வந்து, அருவிக்குக் கீழே தலை கொடுத்து நிற்பவர். தோளிலுள்ள குழந்தை அவர் முகத்தைக் கண்டு மிரண்டு தாயின் பக்கம் தாவுகின்றது. அஃது அருவிக்கு அஞ்சியன்று. தூக்கியிருப்பவர் தன் தந்தை என்பதை அது இன்னும் நம்பவில்லை. நம்பத் தொடங்கும் வேளையில் விடுப்பு முடிந்துவிடும்.

மேலகரத்துத் திரிகூடராசப்பர் பாடிய குற்றாலக் குறவஞ்சியிலும் ஒருத்தி ஊர் ஊராகச் சென்று பொருளீட்டித் திரும்புகின்றாள். காலிற் கிடக்கும் சிலம்பு எங்கிருந்து வந்ததென்று சிங்கன் வினவ, சேலத்து நாட்டிற் குறிசொல்லிப் பெற்றது என்கின்றாள் சிங்கி. குற்றால மலையடியில் வாழ்வார் பொருள்வயிற் பிரிதல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆயினும் சிங்கிக்கு முகவர் இல்லை. கடவுச்சீட்டைப் பறித்துப் பெட்டியிற் பூட்டும் முதலாளி இல்லை. போன ஊர் பிடிக்கவில்லையெனின் மறுநாளே கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருப்பாள். பதினெட்டாம் நூற்றாண்டுக் குறத்திக்கு இருந்த உரிமை இருபத்தோராம் நூற்றாண்டுக் கொத்தனுக்கு இல்லை. ஈண்டு நாம் எழுத எடுத்துக்கொண்ட செய்தி இதுவே.

இதனை இப்பொழுது எழுதுமாறு செய்தது தில்லியே. 2025ஆம் ஆண்டு மாண்டிரியல் நகரிற் கூடிய உலகக் குடிசார் வானூர்தி அமைப்பின் பேரவைக்கு இந்திய அரசு ஒரு முறையீடு விடுத்தது. இந்திய நிறுவனங்களில் பயின்று தேர்ந்த வலவர்களையும் பிற வினைவல்லாரையும் அயல்நாட்டு வானூர்தி நிறுவனங்கள் ஓயாது கவர்ந்துகொண்டு போகின்றனவாம். அதனால் இந்நாட்டு வானூர்தித் துறையின் வளர்ச்சி குன்றுகின்றதாம். ஆகவே, ஒரு நாட்டு ஆட்களை மற்றொரு நாட்டு நிறுவனம் எடுப்பதற்கு உலக நாடுகள் ஒரு நடைநெறி வகுத்துக்கொள்ளல் வேண்டுமாம்.

(நாளிதழ்கள் 'விமானி' என்றும் 'பைலட்' என்றும் எழுதுவாரை நாம் வலவர் என்கின்றோம். ஊர்தி செலுத்துவோனுக்கு வலவன் என்பது கழகக் காலத்துப் பெயர். செலுத்துவோன் இல்லாமலே வானிற் செல்லும் ஊர்தியொன்றை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்று 27ஆம் பாட்டில் எண்ணிப் பார்த்திருக்கின்றார். சொல் வீட்டிற் கிடக்கத் தெருவிற் கடன் வாங்குவானேன்?)

வலவர்கள் ஏன் போகின்றனர்? வளைகுடா நிறுவனங்கள் நம் பெருநகரங்களின் விடுதிகளிலேயே ஆள்தேர்வு நடத்துகின்றன. வருமான வரியில்லாத ஊதியம், குடியிருக்க வீடு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, ஆண்டுதோறும் ஊர் சென்று வரச் சீட்டு என்று கையிற் கொடுக்கின்றன. இங்கோ, கிங்பிசர் நிறுவனம் 2012இல் பறப்பை நிறுத்தியது. செட் ஏர்வேசு 2019 ஏப்பிரல் 17இல் நிறுத்தியது. இரண்டிலும் வலவர் முதல் ஏவலர் வரை பல திங்கள் ஊதியம் கிட்டாது தெருவில் நின்றனர். இவற்றைக் கண்ட ஒருவன் அயல்நாட்டுக்குப் போக நினைத்தால் அவனைக் குறைகூற யாம் ஒருப்படோம்.

தில்லியோ அவனைக் கட்டி வைக்கவே முனைந்தது. தலைமை வலவர் வேலையை விட்டு நீங்குவதற்கு ஓராண்டுக்கு முன்னரே அறிவிப்புத் தருதல் வேண்டும், துணை வலவர் ஆறு திங்களுக்கு முன்னர்த் தருதல் வேண்டும் என்று 2017இல் விதி செய்தது. தன் உழைப்பை எங்கு விற்பது என்பது உழைப்பவனின் உரிமை. அவன் வானத்தில் இருப்பினும் வயலில் இருப்பினும் அவ்வுரிமை ஒன்றே. நிறுவனம் அழிந்தபொழுது அவன் ஊதியத்துக்குப் பொறுப்பேற்க முன்வராத அரசு, அவன் காலுக்கு மட்டும் ஓராண்டுத் தளை பூட்டுவது என்ன முறை?

இது நிற்க. வலவரைப் பிறர் கவர்கின்றனர் என்று உலகப் பேரவை வரை சென்று முறையிடும் இதே தில்லி, கொத்தனுக்கும் தச்சனுக்கும் வண்டியோட்டிக்கும் என்ன செய்தது என்பதைத் தென்காசி மாவட்டத்தார் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

வளைகுடா நாடுகளுக்கு இன்ன வேலைக்குச் செல்வோர்க்கு இன்ன அளவுக்குக் குறையாத ஊதியம் தருதல் வேண்டும் என்று இந்திய அரசு ஓர் அடிமட்ட ஊதியம் வரையறுத்திருந்தது. அதற்குக் குறைந்த ஒப்பந்தத்தைக் குடியகல்வு அலுவலகம் ஏற்றுக்கொள்ளாது. 2020 செப்பிடம்பரில், மகுடத் தொற்றால் வேலை குறைந்துபோன வேளையில், அவ்வடிமட்டத்தைத் தில்லியே 30 முதல் 50 விழுக்காடு வரை வெட்டியது. அமீரகம், கத்தார், ஓமன், பகரைன் ஆகிய நாடுகளுக்கு அது திங்களுக்கு 200 அமெரிக்கத் தாலர் அளவிற்கு இறங்கியது. அயல்நாட்டான் குறைக்கவில்லை, அரபு முதலாளி கேட்டுப் பெறவில்லை என்றே கொள்வோம், தன் குடிமகனின் கூலியைத் தன் அரசே முன்சென்று குறைத்தது! நம் ஆட்களை விலை மலிவாக்கினாலன்றி வங்காளதேசத்தாரும் நேபாளத்தாரும் அவ்வேலைகளைக் கைப்பற்றிவிடுவர் என்று காரணம் கூறினர். தெலங்கானத்தில் வழக்குத் தொடுக்கப் பெற்று, எதிர்ப்பு வலுத்த பின்னர் 2021 சூலையில் அவ்வாணை மீளப்பெறப் பட்டது. இடைப்பட்ட பத்துத் திங்களில் அவ்விலைக்குக் கையெழுத்திட்டுப் போனவர் போனவரே.

வலவன் போனால் 'ஐயோ, நம் செல்வம் போகின்றதே' என்கின்றனர். கொத்தன் போனால் 'விலை குறைத்து அனுப்புக' என்கின்றனர். ஒருவனை உடைமையாகவும் ஒருவனைச் சரக்காகவும் பார்க்கும் கண் அது. இருவரையும் மாந்தராகப் பார்க்கவில்லை.

ஒருகால் இதற்கு விடை கூறுவார் இருக்கலாம். வலவனை ஆக்குவதற்குப் பெரும்பொருள் செலவாகின்றது என்பர். அச்செலவு யாருடையது? வாணிக வலவர் உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். அதற்கு அரைக்கோடி உருபாவுக்கு மேல் வேண்டியிருக்கின்றது. பெரும்பாலும் பெற்றோரே தம் நிலத்தையும் வீட்டையும் ஈடுவைத்துக் கொடுக்கின்றனர். பாவூர்ச்சத்திரத்திலும் கடையத்திலும் பீடி சுற்றும் தாயின் மகனுக்கு அது கனவிலும் எட்டாது. அவன் அவ்வூர்தியில் ஏறுவதெல்லாம் பின்னிருக்கைக்கே. அதுவும் கடன் வாங்கிய சீட்டில்.

அப் பின்னிருக்கைப் பிள்ளை புறப்படும் வழியையும் பாருங்கள். தென்காசியார்க்கு அண்மையிலுள்ள பன்னாட்டு வானூர்தி நிலையம் திருவனந்தபுரம். செங்கோட்டை, புளியரை கடந்து மலையேறி, ஆரியங்காவு, தென்மலை வழியே அவன் இறங்குகின்றான். 1956 நவம்பர் 1இல் எல்லை பிரித்தபொழுது செங்கோட்டை வட்டத்தை இரண்டாக வெட்டி, கிழக்குப் பாதியை நமக்குத் தந்து, ஆரியங்காவுப் பக்கத்தைக் கேரளத்தோடு வைத்துக்கொண்டனர். தாத்தன் தன் ஊரென்று நடந்த மலையைப் பெயரன் அயல்மாநிலமாகக் கடந்து, அயல்மாநில வானூர்தி நிலையத்தில் ஏறி, அயல்நாட்டிற்குக் கூலியாகப் போகின்றான். மதுரையும் தூத்துக்குடியும் அருகிருந்தும், வளைகுடாப் பறப்புகளுக்குத் தென்மாவட்டத்தார் மலை தாண்டுவதே வழக்கமாயிற்று.

கங்காணிகளை நம் பாட்டன்மார் அறிவர். நெல்லைச் சீமையினின்றும் இராமநாதபுரச் சீமையினின்றும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணி, முன்பணம் கொடுத்தே அழைத்துப் போனான். கப்பற் கூலி, அரிசி, துணி எல்லாம் கடனில் ஏறின. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போகவேண்டின், அவன் கடன் இவ்வளவு, அதனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சிறு தாள் வேண்டும். அதன் பெயர் 'துண்டு'. துண்டு இல்லாதவனை எந்தத் தோட்டமும் ஏற்காது. அவ்வாறு அழைத்துச் செல்லப் பெற்ற ஒவ்வொருவன் கழுத்திலும் அத்தாளே கயிறாக இருந்தது. 1921இல் அம்முறை ஒழிந்தது. பின்னர் என்னவாயிற்று? 1948இல் இலங்கை அவர்தம் குடியுரிமையைப் பறித்தது; 1964 அகுதோபரில் சாத்திரியும் சிறிமாவோவும் அமர்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று ஆடுமாடு பங்கிட்டாற்போற் பங்கிட்டனர். அம்மக்களை ஒரு சொல் கேட்டாரில்லை.

வளைகுடாவின் 'கஃபாலா' முறை அத் துண்டின் பேரன். பணியமர்த்துவோனே தொழிலாளியின் இருப்புரிமைக்குப் பிணை; அவன் ஒப்பினாலன்றி வேறிடம் போகவும் இயலாது, சில நாடுகளில் ஊர் திரும்பவும் இயலாது. கத்தார் 2020இல் இவ்விசைவுத் தாளை நீக்கியது. சவூதி அரேபியா 2021 மார்ச்சில் தனியார் நிறுவனத் தொழிலாளர்க்குத் தளர்த்தியது, ஆனால் வீட்டு வேலை செய்வோரையும் ஓட்டுநரையும் அதில் சேர்க்கவில்லை. தாளில் திருத்தம் வந்திருக்கின்றது, வரவேற்கின்றோம். கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்தல் அந்நாட்டுச் சட்டங்களிலேயே குற்றம். என்றாலும் பிடுங்கி வைக்கின்றனர். கேட்பாரில்லாதவனிடம் சட்டம் இருந்தென்ன, இல்லாதென்ன?

வலவனும் இதற்கு விலக்கல்லன் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். அமீரகத்தில் தொழிற்சங்கம் அமைக்கவும் வேலைநிறுத்தம் செய்யவும் வழியில்லை. 2020இல் வானம் வெறிச்சோடியபொழுது வளைகுடாவின் பெருநிறுவனங்களே வலவர் பலரை நீக்கின. வேலை போனதும் இருப்புரிமையும் போயிற்று. பள்ளியிற் படித்த பிள்ளைகளோடு மூட்டை கட்டினர். முன்னிருக்கையானும் பின்னிருக்கையானும் அன்று ஒரே வரிசையில் நின்றனர்.

ஒரே வரிசையில் மாண்டும் போயினர். 2020 ஆகசுட்டு 7ஆம் நாள், தொற்றுக் காலத்தில் அயல்நாடுகளில் சிக்கியோரை மீட்கும் பறப்பொன்று துபாயிலிருந்து 184 செலவாளரோடும் 6 பணியாளரோடும் கோழிக்கோட்டிற்கு வந்தது. கொட்டும் மழையில், மலைமேல் மேசை போல் அமைந்த ஓடுபாதையில் இறங்கி, அதனைத் தாண்டிச் சென்று பள்ளத்தில் விழுந்து பிளந்தது. வலவர் இருவர் உட்பட 21 பேர் மாண்டனர். ஆய்வுக் குழுவின் அறிக்கை 2021 செப்பிடம்பரில் வெளிவந்தது. இறங்கும் முறையைத் தலைமை வலவர் கடைப்பிடியாமையே முதற் கரணியம் என்று அது கூறுகின்றது. அதனை நாம் மறைக்கவில்லை. ஆயின் அவ்வறிக்கை அதனோடு நிற்கவில்லை. மறுநாட் காலை மற்றொரு பறப்பை அவர் நடத்தவேண்டியிருந்தது. எவ்வாறேனும் கோழிக்கோட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்னும் உந்துதலுக்கு அது கரணியமாயிற்று என்றும், அந்நிறுவனம் கோழிக்கோட்டில் 26 துணை வலவர்க்கு ஒரே ஒரு தலைமை வலவரை அமர்த்தியிருந்தது என்றும், அஃது ஆளமர்த்தும் கொள்கையின் பிழை என்றும் எழுதியிருக்கின்றது.

ஆள் போதாமை என்பது வலவன் ஓடிப்போவதால் மட்டும் வருவதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? வேண்டுமெனின் 2025 திசம்பரைப் பாருங்கள். வலவர்க்குக் கிழமைக்கு 48 மணி நேரம் தொடர் ஓய்வு, இரவில் இறங்குதற்கு வரம்பு என்னும் விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தவுடன், நாட்டின் மிகப் பெரிய வானூர்தி நிறுவனமாகிய இண்டிகோ ஆயிரக்கணக்கான பறப்புகளை நீக்கியது. விதி வருவது முன்னரே தெரியும், ஆளைச் சேர்க்கவில்லை. தில்லி என்ன செய்தது? அந்நிறுவனத்துக்கு விதியைத் தளர்த்தியது. ஓய்வின்றி உழை என்று இங்கே சொல்லிவிட்டு, ஏன் ஓடுகின்றாய் என்று மாண்டிரியலிற் போய் அழுவது நகைப்புக்குரியது.

இனி மொழிக்கு வருவோம். தமிழியக்க இதழில் வானூர்தியும் கூலியும் எதற்கு என்று எண்ணியிருந்த அன்பர்க்கும் இஃது விடையாகும்.

வானில் வலவரும் தரையில் வழிகாட்டுவோரும் உரையாடுவது ஆங்கிலத்தில். 1977 மார்ச்சு 27இல் தெனரீபுத் தீவில் இரு வானூர்திகள் மோதி 583 பேர் மாண்டதற்குச் சொல் மயக்கமும் ஒரு கரணியம். ஆதலின் பன்னாட்டு வலவர்க்கு ஓரளவு ஆங்கிலத் தேர்ச்சி வேண்டுமென்பதை நாம் எதிர்க்கவில்லை. உயிர் காக்கும் இடத்தில் எந்த மொழி உதவுமோ அது இருக்கட்டும். அதே அளவுகோலைத் தமிழனுக்கும் கொள்ளுங்கள் என்பதே நம் வழக்கு. இருக்கைக் கச்சையை இறுக்குக என்பதும், கதவு எங்குள்ளது என்பதும், தீப்பிடித்தால் எவ்வாறு வெளியேறுவது என்பதும் உயிர் காக்கும் சொற்களல்லவா? மதுரைக்கும் திருச்சிக்கும் வரும் ஊர்தியில் அவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஓதப் பெறுகின்றன. அண்மை ஆண்டுகளில் தமிழ் வலவர் சிலர் தாமே முன்வந்து தமிழில் அறிவித்துச் செலவாளரின் கைத்தட்டலைப் பெற்றனர். அவர்க்கு நம் வாழ்த்து. ஆனால் ஒருவர் விருப்பத்தால் நிகழ்வதற்கு உரிமை என்று பெயரில்லை.

கையிலுள்ள கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள். இந்தியும் ஆங்கிலமும் இருக்கும், தமிழ் இராது. ஆனால், அமீரக அரசு 2016 முதல் வேலை ஒப்புதல் தாளை அரபு, ஆங்கிலம் ஆகியவற்றோடு தொழிலாளி அறிந்த மூன்றாவது மொழியொன்றிலும் தருதல் வேண்டுமென்று விதித்து, அம்மொழிகளின் பட்டியலில் தமிழையும் வைத்தது. பாலைநிலத்து அரசன் வைத்த இடத்தைப் பாராளுமன்றத்து ஆண்டைகள் வைக்கவில்லை! அத்தகைய உரிமை இருப்பதே நம் பிள்ளைகளுட் பலர்க்குத் தெரியாது. முகவர் நீட்டிய இடத்திற் கையெழுத்திடுகின்றனர். சமையல் வேலை என்று போனவன் ஒட்டகம் மேய்க்கின்றான். ஓட்டுநன் என்று போனவன் மூட்டை சுமக்கின்றான். எழுத்தறியாமையால் அன்று, பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன்தான். தன் மொழியில் எழுதாத தாளுக்கு முன் படித்தவனும் கைநாட்டுக்காரனே.

2024 சூன் 12ஆம் நாள் குவைத்தின் மங்காப்பில் தொழிலாளர் குடியிருப்பொன்று விடியற்காலையில் தீப்பற்றியது. உறங்கியவாறே புகையில் மூச்சு முட்டி மாண்ட ஏறத்தாழ ஐம்பதின்மருள் பெரும்பாலோர் மலையாளிகளும் தமிழரும் பிற இந்தியருமே. தமிழர் எழுவர். இரு நாள் கழித்துக் கொச்சி நிலையத்தில் அவர்தம் பெட்டிகளை இறக்கினர். தமிழக அரசு குடும்பத்துக்கு ஐந்து இலக்கம் உருபா வழங்கியது. இறந்த பின்னர்த் தரும் கையை யாம் குறைகூறவில்லை. இருக்கும்பொழுது அக்கை எங்கே இருந்தது என்றே கேட்கின்றோம். ஓர் அறையில் எத்தனைப் பேர் அடைக்கப் பெற்றனர் என்று சென்று பார்க்கத் தமிழ் பேசும் அலுவலர் ஒருவரேனும் அங்கு இருந்தாரா?

கேரளம் தன் அயலகத்தார்க்கு 1996இலேயே தனித்துறை அமைத்தது. தமிழ்நாடு 1978இலேயே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியும், அயலகத் தமிழர் நலச் சட்டத்தை 2011இல் இயற்றியும், அதன்கீழ் வாரியம் உருப்பெற்று இயங்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இன்று ஆண்டுதோறும் சனவரி 12ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகின்றோம். சென்னையில் மேடை, மாலை, அயல்நாட்டுச் செல்வர்க்கு விருது எல்லாம் உண்டு. கடையநல்லூர்க் கொத்தனின் மனைவி அம்மேடைக்கு அழைக்கப் பெறுவதில்லை. 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிய தென்காசியில், அவள் கணவனைப் பற்றி வினவுவதற்கு ஒரு பலகணியும் ஒரு தமிழ் அலுவலரும் வேண்டுமென்று கேட்கின்றோம். வளைகுடாத் தலைநகர்தோறும் தமிழக அரசின் தொழிலாளர் அலுவலர் ஒருவர் அமர்தல் வேண்டும் என்றும் கேட்கின்றோம். அயலுறவு தில்லிக்கே உரியது என்பர். உறவு அவர்க்கு உரியதாயின் உடலைக் கொச்சியில் வாங்கும் பொறுப்பு மட்டும் நமக்கு எவ்வாறு வந்தது?

1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டமே இன்னும் அடிப்படை. புதுச் சட்ட வரைவுகள் 2021இலும் 2025இலும் வெளியிடப் பெற்றன. அவற்றுள் எவ்வெவ்வாறு சொற்கள் மாறினும், தொழிலாளியின் தாய்மொழியில் அமைந்த ஒப்பந்தமே செல்லும் என்னும் ஒரு வரி இல்லையேல், அது நம் பிள்ளைகட்கான சட்டம் அன்று.

அதுவரை நாம் வாளா இருத்தல் ஆகாது. தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டைக் கிளைகளிலுள்ள நம் அன்பர்கள் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அயல்நாடு செல்வோர் கொண்டுவரும் ஒப்பந்தத் தாளைத் தமிழிற் படித்துக் காட்டுவாராக. முகவர்க்கு அரசு ஏற்பளித்த பதிவெண் உண்டா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் பணிக்கட்டணமாக 30,000 உருபாவும் அதற்குரிய வரியும் அன்றி வாங்குதற்கு உரிமையில்லை. மிகுதி கேட்பவனிடம் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். சுற்றுலா நுழைவிசைவில் வேலைக்குப் போகச் சொல்பவனை வாயிற்படி ஏற விடாதீர். கடவுச்சீட்டு, ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள் ஆகியவற்றின் படிகளை வீட்டிலுள்ள பெண்டிர் கையிற் கொடுத்து வைக்கச் செய்யுங்கள். எந்தத் தாள் எதற்கு என்பதை அவர்க்குத் தமிழில் எழுதியும் கொடுங்கள்.